திருத்த முடியாத தீர்ப்பு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மரண தண்டனை. "பொழுது விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைக்கிறவர்கள் நாம். நமக்கும் தூக்குமேடைக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் படிப்பை முடித்தோ, பாதியில் விட்டோ, ஜொகூர் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போகிறார்கள். அங்கே கொலைக்கு மட்டுமல்ல, போதைப்பொருள் கடத்தலுக்கும் தூக்குத் தண்டனை உண்டு. கடந்த சில ஆண்டுகளில் அங்கே தூக்கிலிடப்பட்டவர்களில் நம் நாட்டுத் தமிழ் இளைஞர்களும் இருந்தார்கள். ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்.

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் உலகம் முழுவதும் நடக்கிறது. அதில் பல கிளைகள் உண்டு. கொல்லும் உரிமை அரசுக்கு உண்டா என்பது ஒரு கிளை. தூக்கு, குற்றத்தைக் குறைக்குமா என்பது இன்னொன்று. இன்று நாம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் பார்ப்போம். தீர்ப்புச் சொல்கிறவர்களும் மனிதர்களே. அவர்கள் தவறிவிட்டால் என்ன ஆகும்?

முதலில் பொங்கோலுக்குப் போவோம். சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையில், ஜொகூரை எதிரே பார்த்தபடி இருக்கும் ஊர் அது. இன்றைக்கு வானளாவிய அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புதுநகரம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளும் மீனவர் வீடுகளும் இருந்த இடம்.

1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சில நாட்களிலேயே சீன ஆண்களைத் திரட்டிச் சலித்தெடுக்கும் வேலை தொடங்கியது. ஜப்பானுக்கு எதிரானவர்களைக் களைவது நோக்கம் என்றார்கள். யார் எதிரானவர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சில இடங்களில் முகத்தை மூடிய ஆட்காட்டி ஒருவன் நின்றான். அவன் தலையசைத்தால் போதும். சில இடங்களில் செய்யும் தொழிலைக் கேட்டார்கள். தப்பியவர்களுக்குச் 'சோதிக்கப்பட்டவர்' என்று காகிதத்திலோ, சட்டையிலோ, கையிலோ ஒரு முத்திரை குத்தினார்கள். முத்திரை பெற்றவர் வீடு திரும்பினார். பெறாதவரை லாரியில் ஏற்றினார்கள்.

மேல் சிராங்கூன் சாலைப் பகுதியில் வீடு வீடாகத் தேடி ஏறத்தாழ 1,000 ஆண்களைப் பிடித்தார்கள். அவர்களில் 300 முதல் 400 பேர் வரை, அந்தப் பிப்ரவரி மாத இறுதியில் பொங்கோல் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.

அந்த நாட்களில் சிங்கப்பூர் முழுவதும் இவ்வாறு கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஜப்பானியர் ஒப்புக்கொண்ட கணக்கு ஐயாயிரம், ஆறாயிரம். சீனச் சமூகத்தார் சொல்லும் கணக்கு பல பத்தாயிரம். கணக்கில் ஏன் இவ்வளவு வேறுபாடு? குற்றப்பத்திரிகை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு இல்லை, கோப்பு இல்லை. விசாரணை இல்லாமல் கொன்றால், இறந்தவர் பெயர்கூட மிஞ்சுவதில்லை. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம் தோட்டத்து மக்களின் கணக்கும் சரியாகக் கிடைக்காததை நம் மூத்தோர் வாயிலாக நாம் அறிவோம்.

போர் முடிந்தபின், 1947-இல், இந்தக் கொலைகளுக்காக ஏழு ஜப்பானிய அதிகாரிகள் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். இருவருக்குத் தூக்கு, ஐவருக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று. பொங்கோல் கடற்கரையில் நின்றவர்களுக்குக் கிடைக்காத விசாரணை, அந்தக் கொலைக்குக் காரணமானவர்களுக்குக் கிடைத்தது. அது முறைதான். கொடியவன் என்று கருதப்படுகிறவனையும் கேட்டு அறிந்த பின்பே தண்டிக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றம் என்ற அமைப்பின் உயிர்.

அப்படியானால், நீதிமன்றமும் வழக்கறிஞரும் மேல்முறையீடும் இருந்துவிட்டால் தவறே நேராது என்று சொல்லலாமா? அதே சிங்கப்பூரில், அமைதியான காலத்தில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள்.

2005-ஆம் ஆண்டு மே மாதம், தீவின் மேற்குப் பகுதியான பூன் லேயில், ஓர் அடுக்குமாடி வீட்டில் 69 வயது மூதாட்டி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். நோயில் படுத்த படுக்கையாக இருந்த அவர் கணவரும் அப்போது வீட்டில் இருந்தார். அருகில் வசித்த இஸ்மில் காதர், முகமது காதர் என்னும் சகோதரர்கள் இருவர் பிடிபட்டார்கள். போதை மருந்துப் பழக்கம் உடையவர்கள். காவலில் இருந்தபோது இஸ்மில் கொடுத்ததாகப் பதிவான வாக்குமூலங்கள், கொலையில் அவருக்கும் பங்கு உண்டு என்றன. 2009-இல் உயர்நீதிமன்றம் இருவருக்குமே தூக்குத் தண்டனை விதித்தது.

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த நீதிமன்றம் இஸ்மிலைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஏன்? இஸ்மில் அந்த வீட்டுக்குள் இருந்தார் என்பதற்கு அவருடைய வாக்குமூலத்தைத் தவிர வேறு தடயம் இல்லை. அந்த வாக்குமூலமோ சட்டம் விதித்த முறைப்படி பதிவாகவில்லை. இவற்றோடு, படுக்கையில் கிடந்த கணவர், வீட்டுக்குள் வந்தவன் ஒருவனே என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் வழக்குத் தொடுத்தவர்கள் கையில் இருந்தும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு உரிய காலத்தில் தரப்படவில்லை. முகமதுவும், கொலையைச் செய்தவன் தான் ஒருவனே என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். அவருடைய தண்டனை உறுதியாயிற்று.

இந்தத் தீர்ப்பால் ஒரு நன்மை விளைந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய ஆதாரம் அரசுத் தரப்பிடம் இருந்தால் அதை மறைக்காமல் தரவேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. சிங்கப்பூர் வழக்கறிஞர்கள் அந்த விதியை இந்த வழக்கின் பெயராலேயே இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

இதைக் கேட்டு இரண்டு விதமாகப் பேசலாம். "பார்த்தீர்களா, மேல்முறையீடு தவறைக் கண்டுபிடித்துவிட்டது, முறை சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் மற்றவர் கேட்பார்: "தம்பி வாய் திறக்காமல் இருந்திருந்தால்? நோயாளிக் கிழவரின் சொல் கடைசிவரை வெளிவராமலே போயிருந்தால்?" கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே நின்றது சில தாள்கள்தான். அந்தத் தாள்கள் கண்ணில் பட்டதால் ஒருவர் பிழைத்தார். எந்த வழக்கில் எந்தத் தாள் கண்ணில் படாமல் போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்?

கண்ணில் படாமல் போன வழக்கும் உலகில் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் தங்கள் சட்ட முறையை யாரிடமிருந்து பெற்றனவோ, அந்த இங்கிலாந்திலேயே நடந்தது. லண்டனில் திமொதி எவன்ஸ் என்ற இளைஞர் இருந்தார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் கொலையுண்டு கிடந்தார்கள். போலீசாரிடம் அவர் கொடுத்த வாக்குமூலம் அவருக்கே எதிராயிற்று. குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1950 மார்ச் 9-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி, அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த கிறிஸ்டி என்பவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1953-இல், கிறிஸ்டி இருந்த பகுதியிலிருந்து பல பெண்களின் சடலங்கள் எடுக்கப்பட்டன. எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தானே என்று கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். 1966-இல் எவன்ஸுக்கு அரசியின் மன்னிப்பு வழங்கப்பட்டது. மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இங்கிலாந்து மக்களின் மனத்தை உலுக்கிய வழக்குகளில் இது ஒன்று. 1965-இல் அந்நாடு கொலைக்கான தூக்கை நிறுத்தி வைத்து, 1969-இல் முற்றாக நீக்கியது.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய பாடம் அன்று. கோவலன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிலம்பு விற்கப் போனவனைக் கள்வன் என்றான் பொற்கொல்லன். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டான். கோவலன் வெட்டுண்டான். பின்பு கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்ததோ மாணிக்கம். இக்கதையை நாம் சொல்லும்போது கண்ணகியின் சினத்தையும் மதுரை எரிந்ததையும் பெரிதாகச் சொல்கிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சிலம்பில் என்ன பரல் இருக்கிறது என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது. அந்தச் சோதனையைக் கோவலன் உயிரோடு இருந்தபோதே செய்திருக்கலாம். சோதனை நடக்காமல் போகவில்லை. காலம் கடந்து நடந்தது. சிறையில் இருப்பவனுக்குக் காலம் கடந்து வரும் உண்மையும் உதவும். கதவைத் திறந்து விடலாம், இழப்பீடும் கொடுக்கலாம். கொல்லப்பட்டவனுக்கு எந்த உண்மையும் உதவாது.

இனி நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடும் சட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயினோ, 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தியதாகத் தீர்ப்பானால் தூக்குத் தண்டனை. 15 கிராம் என்பது மூன்று, நான்கு தேக்கரண்டிச் சீனியின் எடைதான். ஹெராயினுக்கு 1975 முதல் இத்தண்டனை கட்டாயமாக இருந்தது. குறைத்துக் கொடுக்க நீதிபதிக்கு வழியில்லை. 2013 ஜனவரி முதல் சிறிது இளக்கினார்கள். பொருளைத் தூக்கி வந்தவர் மட்டுமே என்று நிலைநாட்டி, போதைப்பொருள் தடுப்புக்கு உண்மையாக உதவியதாக அரசு வழக்கறிஞரின் சான்றும் பெற்றால், அல்லது மனக்கோளாறு காரணமாகப் பொறுப்பு குறைந்தவர் என்று காட்டினால், ஆயுள் தண்டனைக்கு இடமுண்டு.

இந்தச் சட்டத்தில் நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி ஒன்று உண்டு. பொருள் உங்கள் கையில் இருந்தால், அது இன்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஒருவன் மனத்தில் இருந்ததை எப்படி நிரூபிப்பது? தவறு நேர வழியுள்ள இடம் இதுவே என்று மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

சிங்கப்பூர் அரசு சொல்லும் பதிலையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். போதைப்பொருள் விளையும் நாடுகளுக்கு அருகில் இருக்கும் சிறு தீவு அது. கடுமையான தண்டனை இருப்பதால்தான் கடத்தல்காரர்கள் அஞ்சுகிறார்கள், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காப்பாற்றப்படுகிறார்கள், பொதுமக்களில் பெரும்பான்மையோர் இதை ஆதரிக்கிறார்கள் என்று அரசு கூறுகிறது. போதையால் சீரழிந்த குடும்பங்களை நம் தோட்டங்களிலும் பார்க்கிறோம். அந்தத் தாய்மார்களின் கண்ணீரும் கண்ணீர்தான். கடத்தலை ஒழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிடிபடுவோர் பெரும்பாலும் கூலிக்குத் தூக்கி வரும் ஏழைகள், பின்னால் இருக்கும் முதலாளிகள் அகப்படுவதில்லை என்பதே எதிர்ப்போர் வாதம்.

இரண்டு வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பேராக் மாநிலத்து இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சோதனையில் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று அறிந்தே செய்தார் என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அவர் பொருளைக் கொண்டு வந்தாரா என்பதில் அங்கே வாதம் எழவில்லை. அவருக்கு எவ்வளவு விளங்கியது என்பதே வாதம்.

அடுத்தவர் சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையா. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பாகி, 2023 ஏப்ரல் 26-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பொருள் அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களும் மற்றவர்களின் சாட்சியமும் அவரை வழக்கோடு இணைத்தன. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். நீதிபதி அதை நம்பவில்லை. தம் குற்றத்தை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவுமில்லை. அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று இந்த வானொலி நிலையத்தில் அமர்ந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவர் உயிரோடு சிறையில் இருந்திருந்தால், நாளைக்குப் புதிய ஆதாரம் வந்தாலும் பார்க்க இடமிருந்திருக்கும். இப்போது இல்லை.

நம் நாட்டைச் சுற்றிச் சற்றுப் பார்ப்போம். மலேசியா 2023-ஆம் ஆண்டு கட்டாய மரண தண்டனையை நீக்கியது. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வழக்கின் தன்மையைப் பார்த்து நீண்ட சிறைத் தண்டனை கொடுக்க நீதிபதிக்கு உரிமை வந்துவிட்டது. முன்பே தூக்கு விதிக்கப்பட்டிருந்தவர்களும் மறு ஆய்வு கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோருக்குத் தண்டனை குறைந்தது. இலங்கையில் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தாலும், 1976-க்குப் பிறகு அங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. இந்த நாடுகளில் கொலைகாரர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. சிறையில் வைத்திருக்கிறார்கள். தண்டனை இருக்கிறது, திருத்தவும் இடமிருக்கிறது.

சரி, சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. தோட்டத்துக் குடும்பமாக நாம் என்ன செய்யலாம்? நான்கு காரியங்கள் நம் கையில் இருக்கின்றன.

முதலாவது, பிறர் கொடுக்கும் பொட்டலத்தை, பையை, மோட்டார் சைக்கிளைக்கூட, உள்ளே என்ன என்று தெரியாமல் எல்லை தாண்டிக் கொண்டு போகக்கூடாது. "அண்ணன் கொடுத்தார், நம்பி வாங்கினேன்" என்பது அங்கே எளிதில் எடுபடாது. இதை இன்றிரவே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, மொழி. போலீஸ் விசாரணை எந்த நாட்டில் நடந்தாலும், நன்றாகத் தெரிந்த மொழியில் பேசுவதே பாதுகாப்பு. மலாயோ ஆங்கிலமோ ஓரளவு தெரியும் என்று வெட்கப்பட்டுத் தலையாட்டக்கூடாது. "தமிழில் சொல்ல வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். சிங்கப்பூர்ச் சட்டப்படி எழுதிய வாக்குமூலத்தை, கொடுத்தவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லலாம். கைரேகையும் கையெழுத்தும் கடன் சீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல, உயிருக்கும் உரியவை.

மூன்றாவது, காகிதங்கள். பள்ளிப் பதிவேடு, மருத்துவச் சீட்டு, தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த விவரம் ஆகியவற்றைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள். படிப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்காமல், மருத்துவரிடம் காட்டி எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு பிள்ளையின் மனவளர்ச்சி எப்படி இருந்தது என்ற கேள்வி ஒருநாள் நீதிமன்றத்தில் எழுந்தால், அதற்குச் சாட்சி சொல்லக்கூடியது அந்தப் பழைய தாள்தான்.

நான்காவது, வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். மகன் பிடிபட்டான் என்றதும் லயத்தில் தலைகாட்டக் கூசிக் கதவை அடைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று பேசும் அக்கம்பக்கமும் உண்டு. பூன் லே வழக்கிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள். சிங்கப்பூரில் உயிர்போகும் வழக்குக்கு உயர்நீதிமன்றத்தில் வாதாட அரசே வழக்கறிஞரை நியமித்துக் கொடுக்கிறது. அந்த வழக்கறிஞருக்கு விவரம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டார்தான். அன்று எங்கே இருந்தான், யாரோடு போனான், யார் பார்த்தார்கள் என்பதைக் காலம் கடக்குமுன் சொல்ல வேண்டும்.

நேயர்களே, கொலையுண்ட அந்த மூதாட்டிக்கு நீதி வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஆனால் செய்யாதவனைத் தூக்கிலிட்டால் அவருக்கு நீதி கிடைத்துவிடாது. ஒரு கொலை இரண்டாகும். செய்தவன் தப்பினால் அவனைத் தேடுவாரும் இருக்க மாட்டார்கள். நீதி வேண்டும் என்பவர்களே தவறான தீர்ப்புக்கு அதிகம் அஞ்ச வேண்டும்.

மனிதன் தவறக்கூடியவன் என்பதால்தான் கிராணி போட்ட கணக்கை மறுபடி சரிபார்க்கிறோம், சம்பளச் சீட்டில் குறைந்தால் கேட்டு வாங்குகிறோம். கூலிக் கணக்கில் நேர்ந்த தவறை அடுத்த மாதம் சரிசெய்யலாம். உயிர்க் கணக்கில் அடுத்த மாதம் இல்லை. ஆகவே, திரும்பப் பெற முடியாத தண்டனையைத் தவறக்கூடிய மனிதர் கையில் கொடுக்கக்கூடாது என்பதே எங்கள் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். வீட்டில் பேசுங்கள், கோயில் திடலில் பேசுங்கள், பிள்ளைகளையும் பேச விடுங்கள். எந்தப் பக்கம் நின்று பேசினாலும், விசாரணை இல்லாமல் பொங்கோல் கரையில் நிறுத்தப்பட்டவர்களை ஒரு கணம் நினைத்துவிட்டுப் பேசுங்கள்.